மே பதினைந்துக்கு முன்

சிவப்பு, வெள்ளை, நீலம்.
மேலிருந்து கீழாக, மாற்றாமல்.
இதுவரை எளிது.
முதல் வகுப்பின் இருபத்தாறு பேரில்
இருவர் மட்டும் நீலத்தை மேலே தீட்டினார்கள்,
"வானம் மேலதானே இருக்கு, டீச்சர்."
நான் மறுக்கவில்லை. வேறு தாள் கொடுத்தேன்.

தாளைத் திருப்பச் சொன்னபோதுதான் சிக்கல்.
பராகுவேயின் கொடிக்கு இரண்டு முகம்.
முன்னால் மஞ்சள் நட்சத்திரம்,
அதை அணைத்தபடி ஒரு பனையோலை, ஓர் ஒலிவக் கிளை.
பின்னால் சிங்கம்.
சிங்கத்துக்குப் பின்னே கம்பு, கம்பின் நுனியில்
ஒரு சிவப்புத் தொப்பி.
இப்படிக் கொடி உலகத்தில் அபூர்வம் என்று
குரலை உயர்த்திச் சொன்னேன்.
பெருமை இரண்டாவது பெஞ்சைத் தாண்டவில்லை.
காவாசூவில் யாரும் சிங்கத்தைப் பார்த்ததில்லை,
ஆகவே பார்த்ததை வரைந்தார்கள்:
நாய்கள், ஒரு பூனை, பிடரிமயிர் வைத்த பசு.
லிஸ் மாபெல் வரைந்தது அவள் மாமாவை.
"தொப்பி அவரோடதுதான்."

அடுத்து வரலாறு.
அதற்குப் பாடத்திட்டம் தந்தது பத்து நிமிடம்.
முன்பு இந்த மண் ஸ்பெயின் அரசருடையது, என்றேன்.
ஒரு மே மாத இரவில் அசுன்சியோனில் சிலர் கூடினார்கள்,
விடிந்தபோது இது அவருடையதில்லை.
விடுதலை. குவாரனியில் சாசோ.
கயிறு அறுந்தது, அவ்வளவுதான்
அந்தச் சொல்லுக்குள் இருப்பது.

டெர்லிஸ் கை தூக்கினான்.
"ஸ்பெயினா?"
ஆமாம்.
"மாலகா இருக்கிற ஸ்பெயினா?"
அதேதான்.
பசைக் குப்பியின் மூடியைக் கொஞ்ச நேரம் திருகினான்.
"அவங்கள நாம அனுப்பிட்டோம்னா
எங்கம்மா ஏன் அங்க போனாங்க?"

யாரும் சிரிக்கவில்லை.
வருகைப் பதிவேட்டில் எனக்குத் தெரிந்து
ஏழு அம்மாக்கள் கடலுக்கு அப்பால்,
நான்கு பேர் பியூனஸ் அயர்ஸில்.
இந்த நேரம் அவர்களில் ஒருத்தி
யாரோ ஒரு கிழவரைத் தூக்கி உட்காரவைத்து
சூப்பை ஊதி ஆற்றிக்கொண்டிருப்பாள்.

நான் தற்காலிக ஆசிரியை. ஒப்பந்தம் ஜூலை வரை.
மணி அடிக்கும் என்று பார்த்தேன்.
அடிக்கவில்லை.
"சம்பளத்துக்கு," என்றேன்.
அவன் தலையசைத்தான், கடைக்காரரிடம்
விலை கேட்டுத் திரும்புகிறவன்போல.

எங்கள் நாட்டில் அன்னையர் தினமும் அதே பதினைந்துதான்.
நாள்காட்டியில் ஒரே கட்டத்தில் இரண்டும் நெருக்கியடிக்கும்.
ஆளுக்கொரு கொடி, ஆளுக்கொரு வாழ்த்து அட்டை
என்று சுற்றறிக்கை சொன்னது,
வந்துசேர்ந்த அட்டைத்தாள் கொடிக்கே பற்றவில்லை.

ஒட்டும் வேளை.
நட்சத்திரத் தாள், நடுவே குச்சி, சிங்கத் தாள்.
டெர்லிஸ் இங்குமங்கும் பார்த்துவிட்டு
கட்டம்போட்ட நோட்டுத்தாள் ஒன்றை
இரண்டாக மடித்து உள்ளே வைத்தான்.
நான்கு ஓரமும் விரலால் அழுத்தினான்.
இரண்டு முகம் என்றுதான் நான் சொல்லிக்கொடுத்தேன்.
மூன்றாவது ஒன்று உண்டு என்பதை
எந்தச் சுற்றறிக்கையும் எனக்குச் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் தேதி ஒத்திகை.
தெற்குக் காற்று, சட்டைக்குள் புகும் குளிர்,
நெஞ்சில் மூவண்ண ரிப்பன் குத்திய இருபத்தாறு பேர்.
மேற்பார்வையாளர் ஃபிடலீனா வரிசையோடு நடந்துவந்து
ஓரிடத்தில் நின்றார்.
"இது மட்டும் ஏன் அசைய மாட்டேங்குது?"
"பசை அதிகமாயிருச்சு, மேடம்."
தேசத்தின் பெயரால் நான் சொன்ன முதல் பொய்,
அவர் குறித்துக்கொண்டார்.

அவர் போனதும் டெர்லிஸ் கொடியை
வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான்,
வெளியே தெரிகிறதா என்று பார்க்க.
தெரிந்தது.
நான் நின்றது சிங்கத்தின் பக்கம்,
எழுத்துகள் இடம்வலம் மாறி
ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.
அழுத்தி எழுதிய ஓர் எண் மட்டும்
எப்படிப் பார்த்தாலும் அதேதான்.
எட்டு.

எட்டு என்ன என்று நான் கேட்கவில்லை.
வயது ஆறு. செருப்பின் அளவும் அதில்லை.
வரிசை நகரத் தொடங்கியிருந்தது,
அவன் கொடியை இறக்கி
முன்னால் போன லிஸ் மாபெலின் மாமாவைப்
பின்தொடர்ந்தான்.